முதல் பேர் யாருக்கு விழுந்தது

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறையில், பேப்பர் எழுதுவது ஒருவர். அதில் பேர் வருவது எட்டுப் பேருக்கு. இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. எழுதினவருக்கு இருந்திருக்கலாம். அவரை யாரும் கேட்டதில்லை.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் துறைத்தலைவர் சிங்காரவேல். அவர் வீட்டம்மா குவார்ட்டர்ஸில் வெகுகாலமாகக் குலுக்கல் சீட்டு நடத்துகிறவர். பல ஜில்லாக்காரர்கள் குடியிருக்கும் பிளாக்கில் ஒருவர்கூட வாய்த்தகராறு செய்யாமல் நடந்த சீட்டு அது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து சிங்காரவேல் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: மனிதர்களுக்குள் வரும் எந்தச் சண்டையையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் குலுக்கினால் தீர்ந்துவிடும்.

அவர் வருவதற்கு முன்பு அந்தத் துறையில் பேப்பரின் முதல் பேர் யாருக்கு என்பதில் இரண்டு பேராசிரியர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே அறையில் இருந்தபடி அட்டெண்டர் மூலம் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்படம் வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டது. யார் எழுதினாலும் எட்டுப் பேர் பேரும் உண்டு. முதல் பேர் யாருக்கு என்று குலுக்கிப் பார்ப்பது. விழுந்தவர் வடை வாங்கித் தருவார். யார் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்பது அநாகரிகம் என்று ஆகிப்போனது. நல்ல குடும்பத்திலிருந்து வந்த மருமகளிடம் எத்தனை பவுன் என்று கேட்காத மாதிரி.

எட்டுப் பேரில் தனகோட்டியும் ஒருவர். அவர் தாளாளரின் மைத்துனர், கல்லூரி பஸ்களுக்குப் பொறுப்பு. எப்போதோ மாணவர்களை அணை பார்க்கக் கூட்டிப்போக பஸ் கொடுத்தார் என்று நன்றிக்காக ஒரு பேப்பரில் அவர் பேரைப் போட்டார்கள். அடுத்த பேப்பரில் எடுத்தால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவைத்தார்கள். இப்படியே போய், கட்டுமானப் பொறியியலில் அவருக்கு ஓரளவு நல்ல பேர்.

இந்த அமைதியில் முதன்முதலாக மாட்டிக்கொண்டவள் இசைப்பிரியா.

அவள் அங்கே உதவிப் பேராசிரியர். கூடவே பகுதிநேரமாக முனைவர் பட்டம். முந்திரி ஓட்டை எரித்த சாம்பலைக் களிமண்ணில் கலந்து செங்கல் செய்வது அவள் ஆராய்ச்சி. வருஷக்கணக்கில் சாம்பலில் புழங்கியதில், குவார்ட்டர்ஸ் வீட்டில் அவள் உள்ளே நுழைந்தாலே அம்மா கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே வைப்பாள். இப்போது ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கவேண்டிய கட்டம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஆடி மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு பேப்பர் ஜர்னலில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அதில் மாணவியின் பேர்தான் முதலில் இருக்கவேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. மண்ணிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.

இது சிங்காரவேலுக்கும் தெரியும். ஆனால் சம்படத்தை ஒதுக்கிவிட்டுப் பேர் போட அவருக்கு மனம் வரவில்லை. "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா, உனக்குத்தான் விழும்" என்று ரகசியமாகச் சொன்னார். அவள் சீட்டை மட்டும் நாலாக மடித்து, மற்றதை இரண்டாக மடித்திருந்தார். எடுப்பது தனகோட்டி, நடுநிலையான ஆள். ஒரே ஒரு குறை, நாலு மடிப்பு விஷயத்தைத் தனகோட்டியிடம் சொல்ல அவர் மறந்துவிட்டார். தனகோட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு நேர்மையாக எடுத்தார். கொளஞ்சிநாதன் என்று வந்தது.

கொளஞ்சிநாதன் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மூத்த பேராசிரியர். அவருக்கு அந்த முதல் பேரால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனால் விழுந்ததைத் தட்டக்கூடாது என்று ஒரு நம்பிக்கை. வடை வாங்கித் தந்தார். இசைப்பிரியாவும் ஒன்று சாப்பிட்டாள். 

அத்தோடு முடியவில்லை. இந்தப் பேப்பரை அனுப்பவிருந்த ஜர்னல் இதுவரை அவர்கள் அனுப்பிய ஜர்னல்கள் மாதிரி இல்லை. ஒவ்வொரு ஆசிரியரும் இந்தப் பேப்பருக்கு என்ன செய்தார் என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும் என்று கேட்டது. யோசனை யாருடையது, சோதனை செய்தது யார், கணக்குப் போட்டது யார், எழுதினது யார், படம் வரைந்தது யார், மென்பொருள் எழுதினது யார், நிதி வாங்கியது யார், மேற்பார்வை யார்.

 சிங்காரவேல் மறுபடி சம்படத்தை எடுத்தார்.

மேற்பார்வையை மட்டும் குலுக்கலில் சேர்க்கவில்லை. அது பதவியோடு வருவது. மீதி எல்லாம் விழுந்தபடி. சோதனைக்கூடத்தை வாசலிலிருந்து மட்டும் பார்த்திருந்த கொளஞ்சிநாதனுக்குச் சோதனைகள். பொறியியல் வரைபடம் நடத்தும் கனகம் மேடத்துக்குப் புள்ளியியல். தனகோட்டிக்கு முதல் வரைவு எழுதியது. கலைச்செல்வனுக்குப் படங்கள். பிரசவ விடுப்பில் இருந்த மலர்விழிக்கு இதன் மூல யோசனை. மென்பொருளே இல்லாத பேப்பருக்கு மென்பொருள் எழுதினவர் அருண்ராஜ். இசைப்பிரியாவுக்கு விழுந்தது நிதி திரட்டியது. அந்த ஆராய்ச்சிக்கு யாரும் நிதி கொடுக்கவில்லை. செங்கல் அச்சுப் பெட்டிகூட அவள் அப்பா வைத்திலிங்கம் பழைய பலகையை அறுத்து அடித்துக் கொடுத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் சாக்ஸைக் கழற்றியபடியே, எட்டுப் பேரில் உன் பேரும் இருக்கிறதல்லவா, அப்புறம் என்ன என்று கேட்டார். மைன்ஸில் இயந்திரம் ஓட்டியவர் பேரை நிலக்கரி மேல் எழுதுவதில்லை என்பது அவர் கட்சி. அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

*

சில வாரம் கழித்து ஜர்னலிலிருந்து பதில் வந்தது. பேப்பர் நன்றாக இருக்கிறது, சில விளக்கங்கள் தேவை, அவை சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றது. துறைத்தலைவர் அறையில் கைதட்டல். ஆனால் விளக்கம் கேட்டிருந்த விதம்தான் புதுசு. யார் எந்த வேலையைச் செய்ததாகச் சொன்னாரோ, அவருக்கே தனி மெயில், அவரே தன் மெயிலிலிருந்து பதில் அனுப்பவேண்டும்.

தனகோட்டிதான் முதலில் போன் செய்தார். இன்கம் டாக்ஸ்காரன் இங்கிலீஷில் மெயில் போட்டிருக்கிறான், முன்னுரையில் இரண்டாவது பத்தியை எந்த அர்த்தத்தில் எழுதினாய் என்று கேட்கிறான், நான் யாருக்கும் எதுவும் எழுதித் தரவில்லையே என்றார். இசைப்பிரியா அது டாக்ஸ் இல்லை, ஜர்னல் என்றாள். அது அதைவிடப் பெரியதா என்று கேட்டார்.

கனகம் மேடத்திடம், இந்தப் புள்ளியியல் முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர் அந்த முறையின் பேரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் வேறு மாதிரி வந்தது. மலர்விழி கைக்குழந்தையோடு வீடியோ காலில் வந்து, தனக்கு அப்படி எந்த யோசனையும் வந்ததாக ஞாபகமில்லை என்றாள்.

இசைப்பிரியாவுக்கு வந்த கேள்விதான் எல்லாவற்றிலும் சுலபம். நிதி கொடுத்த நிறுவனம் எது? எதுவும் இல்லை என்று எழுதி, அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனாள்.

கொளஞ்சிநாதன் சோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டார். அழுத்தச் சோதனை இயந்திரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். புது மாடு வாங்க வந்தவர் மாதிரி.

"இசை, ஒரு சின்ன சந்தேகம்மா. நாம செங்கல்லை எத்தினி நாள் தண்ணியில போட்டோம்?"

"நீங்க எத்தனை நாள் போட்டீங்க, சார்?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் எங்கம்மா போட்டேன். நீதான மாசக்கணக்கா சாம்பலும் மண்ணுமா நின்னுகினு இருந்தே. பதிலை எழுதி எங்கிட்ட குடுத்துடு, நான் அனுப்பிடறேன்."

"எனக்கு விழுந்தது நிதி, சார். சோதனை உங்களுக்கு விழுந்தது."

இதை அவள் திமிரில் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாக எல்லார் பேப்பரையும் அவள்தான் எழுதிக்கொடுத்தாள். இந்த முறை எழுதிக்கொடுத்தால், அந்தச் செங்கற்களைச் செய்தவர் கொளஞ்சிநாதன் என்று உலகம் உள்ளவரை இருக்கும், பல்கலைக்கழகம் அவளைப் போய் வா என்றுவிடும். எழுதிக்கொடுக்காவிட்டால் பேப்பரே போய்விடும். இரண்டிலும் போவது அவள் பட்டம்தான். அப்படியிருக்க, எழுதுகிற வேலையாவது மிச்சம் என்று நினைத்தாள்.

அவள் யாரிடமும் சொல்லாத காரணம் வேறொன்று. கொளஞ்சிநாதனுக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு அவளுக்கே பதில் தெரியாது. முதல் இரண்டு தொகுதிச் செங்கல்லும் நல்ல உறுதி. மூன்றாவது தொகுதி, அதே மண், அதே அளவு சாம்பல், அதே சூளை, கையால் அழுத்தினாலே உதிராத குறைதான். ஏன் என்று கேட்டிருந்தார்கள். அவளும் அதைத்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

பலாப்பழ சீசன். காடாம்புலியூரிலிருந்து வரும் கலைச்செல்வன், துறைக்கு என்று ஒரு பழத்தைச் சாக்கில் கட்டி டிவிஎஸ்ஸில் வைத்துக் கொண்டுவந்தான். அவளைவிட ஓரிரு வயது இளையவன். கேன்டீனுக்குப் பின்னால் தாளைப் பரப்பி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தான். முதல் சுளையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் கஷ்டத்தைச் சொன்னான்.

"படமெல்லாம் நான் வரைஞ்சேன்னு இருக்குது மேடம். மூணாவது படத்துல அச்சு ஏன் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கலன்னு கேட்டிருக்காங்க. என்னா எழுதறது?"

"நெஜமா நீங்க செஞ்சதை எழுதுங்க."

"நெஜமா நான் செஞ்சது சாம்பல் ஏத்திக்கினு வந்ததுதான். ரெண்டு நடை. அதுலயும் ரெண்டாவது நடைக்கு நம்ம கொட்டாய் கிடைக்கல."

சுளை அவள் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"எந்தக் கொட்டாய்?"

"முந்திரி வறுக்கிற கொட்டாய் மேடம். மொதல்ல அங்கதான் எடுத்தேன். அடுத்த தபா போனா, மொதலாளி வூட்ல கல்யாணம்னு பூட்டிக்கினு போய்ட்டாங்க. அதான் பக்கத்துல, கொட்டையை அவிக்கிற கொட்டாயில அள்ளிக்கினு வந்தேன். எல்லாம் சாம்பல்தானே."

இசைப்பிரியா சுளையைத் தாளில் வைத்தாள். வறுத்தால் ஓட்டிலிருக்கும் எண்ணெய் சட்டியிலேயே பெரும்பாலும் எரிந்துவிடும். அவித்தால் எண்ணெய் ஓட்டுக்குள்ளேயே தங்கும். அந்த ஓட்டை அரைகுறையாக எரித்தால் சாம்பலில் கரியும் பிசுக்கும் நிற்கும். அந்தப் பிசுக்கு மூன்றாவது தொகுதிச் செங்கல்லுக்குள் போய், சூளையில் எரிந்து, உள்ளே ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கும்.

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"யாரு கேட்டாங்க மேடம்?"

 யார் என்ன செய்தார் என்று கேட்காமல் இருப்பதுதான் அந்தத் துறையின் அமைதி. அவளும் எட்டில் ஒரு பங்கு அதைக் காப்பாற்றியிருந்தாள். அவனிடம் கேட்காதது அவளும்தான்.

இரண்டு நடைச் சாம்பலிலும் கொஞ்சம் கொஞ்சம் டப்பாவில் மிச்சம் இருந்தது. அன்றைக்கே இரண்டையும் எடை போட்டு, மிச்சமிருக்கும் கரியும் பிசுக்கும் எரிந்துபோகும்படி சின்ன உலையில் வைத்து எடுத்து, மறுபடி எடை பார்த்தாள். முதல் சாம்பல் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இரண்டாவது, பாதி வீட்டைக் காலி செய்துகொண்டு போன குடித்தனக்காரர் மாதிரி, நிறையக் குறைந்திருந்தது. கூடவே நின்ற கலைச்செல்வன், நல்லதா கெட்டதா மேடம் என்று கேட்டான். நல்லது என்றாள். அப்போ பழத்தைச் சாப்பிடலாமே என்றான். இரண்டு பேரும் போய்ச் சாப்பிட்டார்கள். அவள் எத்தனை சுளை சாப்பிட்டாள் என்பதைச் சொல்லாமல் விடுவது நாகரிகம்.

*

மறுநாள் அவள் சிங்காரவேல் அறைக்குப் போனபோது கொளஞ்சிநாதனும் அங்கே இருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது என்றாள். கொளஞ்சிநாதன் கண்ணை மூடி, தெரிந்த சாமி பேரெல்லாம் சொன்னார்.

"ஆனா அனுப்பவேண்டியது நீங்க, சார். அவித்த ஓட்டுல எண்ணெய் எவ்வளவு, உலையில எத்தனை டிகிரி வச்சீங்கன்னு அடுத்து கேப்பாங்க."

"மேல வேற கேப்பானுங்களா?"

"கேப்பாங்க, சார். போன்லகூடக் கூப்பிட்டுக் கேக்கலாம்."

கடைசி வாக்கியத்தை அவள் சொந்தமாகச் சேர்த்தாள். கொளஞ்சிநாதன் சிங்காரவேல் பக்கம் திரும்பினார்.

"சார், எம்பேரை எடுத்துடுங்க. மொதல்லேருந்து மட்டும் இல்ல, மொத்தமாவே எடுத்துடுங்க. நான் ரிட்டையர் ஆவறதுக்குள்ள ஒரு நாளாவது நிம்மதியா பஸ் ஏறி வூட்டுக்குப் போகணும்."

அவர் சொன்னது எப்படியோ வெளியே போய்விட்டது. மதியத்துக்குள் கனகம் மேடம் வந்து புள்ளியியலைத் திருப்பிக் கொடுத்தார். அருண்ராஜ் தான் எழுதாத மென்பொருளை விட்டுக்கொடுத்தான். தனகோட்டி பஸ் ஷெட்டிலிருந்து நடந்தே வந்து, தன் பேர் இருக்கும் பழைய பேப்பர்களிலிருந்தும் எடுக்க வழியுண்டா என்று விசாரித்தார்.

எல்லாரும் விட்டாலும் சிங்காரவேல் விடவில்லை. அவருக்கு இசைப்பிரியா மேல் கோபமில்லை. சம்படம் போய்விடுமே என்ற பயம். உழைத்தவருக்குத்தான் பேர் என்று ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் யார் உழைத்தார் என்று கேட்கவேண்டி வரும். பழையபடி அட்டெண்டர் மூலம் பேசும் காலம் வந்துவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனார்.

காலையில் சம்படத்தோடு வந்தார். துறையில் எல்லாரையும் கூப்பிட்டார்.

"விழுந்ததை நாமளா மாத்தக்கூடாது. திரும்பக் குலுக்குவோம்."

இசைப்பிரியா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். ஆடி மாதம் பக்கத்தில் நிற்கிறது, மனுஷர் மறுபடி குலுக்கச் சொல்கிறார். கலைச்செல்வன் அவள் பக்கம் பார்த்தான். அவனுக்கும் முகம் செத்துவிட்டது. கொளஞ்சிநாதன் தன் பேர் அதற்குள் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார். சிங்காரவேல் சம்படத்தை நிதானமாகக் குலுக்கி நீட்டினார்.

தனகோட்டி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டார். முதல் பேர்.

"இசைப்பிரியா" என்று படித்தார்.

கொளஞ்சிநாதன் விட்ட மூச்சில் மேசை மேலிருந்த வினாத்தாள் ஒன்று கீழே விழுந்தது. 

சோதனை செய்தவர். தனகோட்டி எடுத்தார். இசைப்பிரியா.

புள்ளியியல். இசைப்பிரியா. கனகம் மேடம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதல் வரைவு. இசைப்பிரியா. தனகோட்டிக்கே முகம் மலர்ந்தது. மூல யோசனை வரும்போது அவர் கண்ணை மூடவில்லை. அதுவும் இசைப்பிரியா. அவர் கையைச் சம்படத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டைப் பிரித்துப் பார்த்தார்.

"சார், எல்லாத்துலயும் இதே பேருதான் இருக்குது."

"விழணும்னு இருந்திருக்கு, விழுந்திருக்கு" என்று சிங்காரவேல் மூடியை அழுத்தி மூடினார். "போன தபா உன் கை சரியில்லப்பா."

இசைப்பிரியா அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரே பேரைத் திரும்பத் திரும்ப எழுதினவர் முகத்தில் இருக்கவேண்டிய களைப்பு அதில் இருந்தது. எதிலும் நாலு மடிப்பு இல்லை; இந்த முறை தேவைப்படவில்லை.

ஆசிரியர் பேரை மாற்ற எல்லாரும் தனித்தனியாகச் சம்மதம் அனுப்பவேண்டும் என்று ஜர்னல் சொன்னது. அந்தத் துறையின் சரித்திரத்தில் எந்த மெயிலும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. தனகோட்டி பதற்றத்தில் மூன்று தரம் அனுப்பினார். இசைப்பிரியா அன்றைக்கே எல்லாக் கேள்விக்கும் தன் பேரில் பதில் எழுதினாள். எழுதும்போது விரல் லேசாக இருந்தது. தனக்குத் தெரிந்ததைத் தானே சொல்வதற்கு இவ்வளவு சுற்று தேவைப்பட்டதே என்று சிரிப்பும் வந்தது. கலைச்செல்வனைக் கூப்பிட்டு, மூலப்பொருள் சேகரிப்பு என்று அவன் பேரைப் போடுவதாகச் சொன்னாள். எந்தக் கொட்டாய் என்று கேட்டால் அவனே பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னாள். அவன் தாராளமாகச் சொல்வேன், முதலாளி வீட்டுக் கல்யாணத்தையும் போடலாமா என்றான். அதை விட்டுவிடலாம் என்றாள்.

மேற்பார்வைக்கு சிங்காரவேல் பேர். மேற்பார்வை செய்தவரை ஜர்னல் கடைசிவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே பேப்பரை ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. மூன்று பேர். முதலில் அவள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளிக்காமல்கூடக் கட்டிலில் விழுந்து தூங்கினாள். ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பா சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்று, என்ன ஆயிற்று இவளுக்கு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, தூங்குகிறாள் என்றாள் அம்மா. கொடியில் காய்ந்த துணியை அன்றைக்கு அவள் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தத் துறையில் பேப்பர்கள் குறைந்துவிட்டன. வருபவற்றில் பேர்களும் குறைவு. பேருக்காக யாரும் யாரோடும் பேசாமல் இல்லை. கனகம் மேடம் மட்டும், படம் எல்லாம் தன்னுடையதுதான் என்று தன் பேப்பரைப் பற்றி அடிக்கடி எல்லாரிடமும் சொல்கிறார், யாரும் கேட்காமலே. சம்படத்தில் இப்போது சிங்காரவேல் வீட்டம்மா முறுக்கு போட்டு அனுப்புகிறார். சிங்காரவேல் அதை எடுத்து வரும்போது கடகடவென்று சத்தம் வரும். கொளஞ்சிநாதனுக்கு மட்டும் ஒரு கணம் முகம் மாறும். மூடியைத் திறந்து முறுக்கைப் பார்த்ததும் சரியாகிவிடும்.